பட்டணத்துக் காபியும் பட்டிக்காட்டு எருமையும்

எட்டாம் வகுப்பில் ஒருநாள் சமூக அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, "நாம் குடிக்கும் பால் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி தயங்காமல் எழுந்து, "பூத்திலிருந்து, மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். மாலையில் வீடு திரும்பும் வழியில்தான், சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. பட்டணத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பாலின் பிறப்பிடம் பூத்தாகத்தான் தெரியும். கிராமத்தில் பால் ஊற்றும் பெண்ணைக் கேட்டாலும், "இந்தப் பால் எங்கே போகிறது?" என்பதற்கு, "லாரியில் போகிறது" என்ற விடைதான் கிடைக்கும். இருவருக்கும் நடுவே இருக்கும் நீண்ட பாதையை இருவருமே பார்த்ததில்லை.

நகரமும் நாட்டுப்புறமும் ஒன்றுக்கொன்று உதவி ஒரு வட்டாரத்தை வளர்ப்பது எப்படி என்பதைப் பாடநூல்கள் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். "கிராமம் உணவு தருகிறது, நகரம் தொழிற்பொருள் தருகிறது" என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் யார், யாருக்கு, என்ன விலைக்குத் தந்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அதற்காக இக்கட்டுரையில் ஒரே ஒரு வட்டாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது குஜராத்தின் கைரா மாவட்டம். இப்போது கேடா என்று எழுதுகிறார்கள். அது பால் கொடுத்த நகரம் பம்பாய், அதாவது இன்றைய மும்பை.

முதலில் பம்பாயின் நிலையைப் பார்ப்போம். அந்நாளில் பெருநகரங்களுக்கு வேண்டிய பாலில் பெரும்பகுதி நகரத்துக்குள்ளேயே கறக்கப்பட்டது. நாட்டுப்புறத்தில் நல்ல கறவை எருமைகளாகப் பார்த்து வாங்கி, நகரத்துத் தொழுவங்களில் நெருக்கமாகக் கட்டி வைத்திருந்தார்கள். தீவனம், வாடகை எல்லாமே அங்கே விலை அதிகம். ஆகவே எருமை பால் வற்றியதும் அடுத்த ஈற்று வரை அதை வைத்துக் காப்பாற்ற யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. கசாப்புக்கு விற்றுவிட்டு வேறு எருமை வாங்கிவந்தார்கள். கன்றுகளுக்கும் அதே கதிதான். கிராமத்தின் மிகச் சிறந்த கறவை இனங்கள் இப்படி ஆண்டுதோறும் நகரத்துக்குப் போய், ஒரே ஈற்றோடு அழிந்தன. நகரம் கிராமத்திலிருந்து பாலை மட்டுமா எடுத்துக்கொண்டது? நாளைய பாலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. இது ஒத்துழைப்பு ஆகுமா என்று மாணவியரே சொல்லட்டும்.

1945இல் பம்பாய் அரசாங்கம் நகர மக்களுக்கு நல்ல பால் தர 'பம்பாய்ப் பால் திட்டம்' என்பதைத் தொடங்கியது. 400 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆனந்த் என்ற சிற்றூரிலிருந்து இரயிலில் பால் கொண்டுவர ஏற்பாடாயிற்று. கைராப் பகுதி வளமானது. எருமைகள் நிறைந்தது. அங்கே 'பால்சன்' என்ற வெண்ணெய்க் கம்பெனியும் முன்பே இருந்தது. பாலைக் கொள்முதல் செய்யும் உரிமை அந்தக் கம்பெனிக்கே கொடுக்கப்பட்டது. நகரத்தில் பால் விலை கூடிற்று. கம்பெனிக்கு வருமானம் கூடிற்று. இடையில் நின்ற ஒப்பந்தக்காரர்களுக்கும் பங்கு கிடைத்தது. கறந்தவர்களுக்கு மட்டும் பழைய விலைதான். பால் கெட்டுப்போகும் பண்டம். நெல்லைப் போல் குதிரில் கொட்டிவைத்து, விலை ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது. கோடையில் இரண்டு மணி நேரம் தாமதித்தால் திரிந்துவிடும். வாங்குபவன் ஒருவனே, பொருளோ நிற்காத பொருள் என்றால் விலையைச் சொல்பவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பதினைந்து நாள்

கைரா விவசாயிகள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் போய் முறையிட்டார்கள். அவர் அந்த மாவட்டத்துக்காரர். கூட்டுறவாகச் சேர்ந்து உங்கள் பாலை நீங்களே விற்றுக்கொள்ளுங்கள், அனுமதி தராவிட்டால் கம்பெனிக்குப் பால் ஊற்றாதீர்கள் என்பது அவருடைய யோசனை. மொரார்ஜி தேசாயை அங்கே அனுப்பினார். 1946 ஜனவரி 4ஆம் நாள் சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சங்கம், எல்லாச் சங்கங்களும் சேர்ந்து மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம், அரசாங்கம் அந்த ஒன்றியத்திடமே பால் வாங்க வேண்டும் என்று அங்கே தீர்மானித்தார்கள்.

அரசாங்கம் மறுத்தது. பால் நிறுத்தம் தொடங்கியது. பதினைந்து நாள் கம்பெனிக்கு ஒரு சொட்டுப் பால் ஊற்றப்படவில்லை. நம் வீட்டில் ஒரு வேளைப் பால் வீணானால் எவ்வளவு மனம் பதைக்கிறது! அன்றாடப் பால் காசை நம்பியிருந்த குடும்பங்கள் இரண்டு வாரம் அதை இழக்கச் சம்மதித்தன. முடிவில் பம்பாயின் பால் கமிஷனரான ஆங்கிலேய அதிகாரி நேரில் வந்து பார்த்து, கோரிக்கையை ஏற்றார். 1946 டிசம்பர் 14இல் கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாயிற்று. தலைவர் திருபுவன்தாஸ் பட்டேல், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1948 ஜூனில் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கியபோது நாள் ஒன்றுக்குச் சேர்ந்தது ஏறத்தாழ 250 லிட்டர். இன்று ஒரு பெரிய ஓட்டலுக்கே அது போதாது.

அடுத்த ஆண்டு மே மாதம் ஆனந்தில் இரயிலைவிட்டு இறங்கியவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டில் பிறந்து, நம் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிப் படிப்பு, சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல், கிண்டியில் பொறியியல் என்று முடித்தவர். அரசு உதவித் தொகையில் அமெரிக்கா சென்று படித்ததால், அரசு சொன்ன இடத்தில் வேலை பார்க்கும் கட்டாயம் இருந்தது. ஆனந்தில் இருந்த அரசு வெண்ணெய்ப் பண்ணையில் போட்டார்கள். அந்தச் சிற்றூர் அவருக்குப் பிடிக்கவில்லை, எப்போது விடுதலை என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றியத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி நின்றுபோக, திருபுவன்தாஸ் இவரைக் கூப்பிட்டுக் கேட்பார். ஒட்டுப்போட்டது போதும், புதிய இயந்திரம் வாங்குங்கள் என்று இவர் சொல்ல, அவர்கள் வாங்கினார்கள். வந்த இயந்திரத்தைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருந்தவர், 2012இல் மறையும் வரை அந்த ஊரிலேயே வாழ்ந்தார்.

ஒரு சங்கம் எப்படி நடக்கிறது?

இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இதில்தான் எல்லாம் இருக்கிறது. என் அம்மாயியின் ஊர் ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். விடுமுறையில் அங்கே போகும்போதெல்லாம் விடியற்காலையில் அம்மாயியின் பின்னால் தூக்குப்போசியைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு நடந்திருக்கிறேன். கைராவில் பிறந்த முறையேதான் அங்கேயும்.

காலையும் மாலையும் இரண்டு வேளை பால் எடுப்பார்கள். யார் முதலில் வந்தாரோ அவர் முதலில் ஊற்ற வேண்டும். பண்ணையக்காரர் வீட்டுப் பத்து லிட்டரானாலும், கூலிக்காரர் வீட்டு அரை லிட்டரானாலும் வரிசை ஒன்றுதான். அளந்தபின் ஒவ்வொருவர் பாலிலும் சிறிது மாதிரி எடுப்பார்கள். அதில் கந்தக அமிலம் சேர்த்துக் குறுகிய கண்ணாடிக் குழாயில் போட்டு, இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் கொழுப்பு தனியே மேலே ஒதுங்கி நிற்கும். குழாயில் உள்ள கோடுகளைப் பார்த்து எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாம். பசும்பாலில் நாலு சதவீதத்தை ஒட்டியும், எருமைப் பாலில் ஆறு ஏழு சதவீதமும் கொழுப்பு இருக்கும். விலை இந்தக் கணக்கின்படிதான். தண்ணீர் கலந்தால் ஊர் அறியச் சந்தி சிரித்துவிடும். பல ஊர்களில் இப்போது இந்த வேலையை ஒரு மின்கருவி நொடியில் செய்து, சீட்டும் அச்சிட்டுக் கொடுக்கிறது. அம்மாயி பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

ஆனந்தில் தொடக்கத்திலிருந்தே காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் கையில் காசு கொடுத்தார்கள். ஏழை வீட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நிலத்து விளைச்சல் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ பணம் தரும். இடைப்பட்ட மாதங்களில் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். அன்றாடம் வரும் பால் காசு அந்தப் படியை ஏறவிடாமல் தடுத்தது. சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான்.

சங்கத்துப் பால் கேன்கள் லாரியில் ஒன்றியத்தின் பால் பண்ணைக்குப் போகும். அங்கே சூடாக்கி, உடனே குளிர்வித்து நகரத்துக்கு அனுப்புவார்கள். லாரி வெறும் கேன்களோடு மட்டும் திரும்பாது. கலப்புத் தீவன மூட்டைகள் வரும். மாட்டு வைத்தியர் வருவார். சினை ஊசி போடுபவர் வருவார். பம்பாய்க் குடும்பம் காபிக்குக் கொடுத்த காசிலிருந்துதான் கைரா எருமைக்கு வைத்தியம் நடந்தது என்று சொன்னால் அது அலங்காரப் பேச்சு அல்ல, கணக்குப் புத்தகத்தில் உள்ளது. மாடு நகரத்துக்குப் போய்ச் சாவதற்குப் பதிலாகக் கிராமத்திலேயே இருந்து, வற்றிய காலத்திலும் வைக்கோல் தின்று, மறு ஈற்றுக் கண்டது. 1975இல் திருபுவன்தாஸ் பட்டேலின் பெயரால் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டு, பால் சங்கங்கள் உள்ள கிராமங்களில் தாய் சேய் நலப் பணியும் தொடங்கியது. மாட்டுக்கு வந்த வைத்தியம் மனிதருக்கு வர அத்தனை ஆண்டு ஆயிற்றே என்ற குறையும் எனக்கு உண்டு.

குளிர்காலச் சங்கடம்

எல்லாம் இனிதே நடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. எருமை குளிர்காலத்தில் கறப்பதில் பாதிகூடக் கோடையில் கறப்பதில்லை. பம்பாய்க்காரர்களுக்கோ ஆண்டு முழுவதும் ஒரே அளவு பால் வேண்டும். குளிர்காலத்தில் மிஞ்சியதை வாங்க மாட்டோம் என்று நகரம் கையை விரித்தது. அதே சமயம் நியூசிலாந்திலிருந்து பால் பவுடரை இறக்குமதி செய்துகொண்டும் இருந்தது. பம்பாய்ப் பால் திட்டத்தை நடத்திய தாரா குரோடிக்கும் குரியனுக்கும் இதனால் கடும் பூசல்.

மிஞ்சும் பாலைப் பவுடராக்கிவிட்டால் கோடையில் பயன்படுத்தலாம். ஆனால் உலகில் அப்போது பசும்பாலைத்தான் பவுடராக்கினார்கள்; கொழுப்பு மிகுந்த எருமைப் பாலை அப்படிச் செய்ய முடியாது என்று மேல்நாட்டு வல்லுநர்கள் சொன்னார்கள். குரியனின் நண்பர் தலாயா என்ற பால் தொழில்நுட்ப வல்லுநர் அதைச் செய்துகாட்டினார். யுனிசெப் இயந்திரங்கள் கொடுத்தது. அதற்கு ஈடாகக் கைரா மாவட்டத்து ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பால் தர வேண்டும் என்பது ஏற்பாடு. 1955 அக்டோபர் 31இல் பிரதமர் நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். 'அமுல்' என்ற பெயர் அதையொட்டி வந்ததுதான். அதுமுதல் நகரம் வாங்க மறுத்த நாளிலும் கிராமத்துப் பாலை ஊற்றிவைக்க ஓர் இடம் இருந்தது. பேரம் பேச வேண்டுமானால் பொருளைக் காத்துவைக்கத் தெரிந்திருக்க வேண்டும் போலும்.

1963இல் மகசேசே விருது மூவருக்குச் சேர்த்து வழங்கப்பட்டது: கிராமத்தின் சார்பில் நின்ற திருபுவன்தாஸ், நகரத்தின் சார்பில் நின்ற குரோடி, இயந்திரம் தெரிந்த குரியன். ஒத்துப்போகாத இருவரை ஒரே மேடையில் நிறுத்தினார்கள். எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். நகரமும் கிராமமும் சேர்ந்து வேலை செய்வது என்றால் சண்டையே வராது என்று பொருளல்ல.

1964 அக்டோபரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கைராவில் ஒரு கிராமத்தில் இரவு தங்கி, விவசாயிகளோடு பேசினார். இதையே நாடெங்கும் செய்தால் என்ன என்று அவர் நினைத்ததன் விளைவாக 1965இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் அமைந்தது. 1970இல் 'ஆபரேஷன் பிளட்' என்ற பெருந்திட்டம் தொடங்கி, மூன்று கட்டங்களாக 1996 வரை நடந்தது. முதற்கட்டத்தில் இணைக்கப்பட்ட நகரங்கள் பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய நான்கு. ஐரோப்பிய நாடுகள் தங்களிடம் மிஞ்சிக் கிடந்த பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் நன்கொடையாகக் கொடுத்தன. அவற்றை நகரங்களில் பாலாக்கி விற்று, அந்தப் பணத்தைக் கிராமச் சங்கங்களில் முதலீடு செய்தார்கள். நன்கொடைப் பவுடரை அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தால் நாட்டுப்புறத்துப் பாலுக்கு விலையே இல்லாமல் போயிருக்கும். அந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து விலையைக் காத்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் பால்வளத்துக்கென 1958இல் தனித்துறை, 1972இல் கழகம், 1981இல் கூட்டுறவு இணையம் என்று படிப்படியாக வந்தது. ஆவின் என்ற பெயரை அறியாத மாணவி இருக்க மாட்டாள். நாட்டின் மொத்தப் பால் உற்பத்தி 1950-51இல் 1 கோடியே 70 லட்சம் டன். 1968-69இல் 2 கோடியே 12 லட்சம். பதினெட்டு ஆண்டுகளில் அவ்வளவுதான் வளர்ச்சி. 2023-24இல் ஏறத்தாழ 24 கோடி டன். இதில் எல்லாமே சங்கங்களால் வந்தது என்று சொல்ல முடியாது. தனியார் வியாபாரமும் பாசன வசதியும் கலப்பினப் பசுக்களும் சேர்ந்து செய்தது.

கிராமத்துக் குழந்தைக்கு?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நல்ல விலை கிடைக்கிறது என்று வீட்டிலுள்ள பாலையெல்லாம் சங்கத்துக்கு ஊற்றிவிட்டால், கறந்த வீட்டுக் குழந்தை எதைக் குடிக்கும்? 1983இல் கிளாட் ஆல்வாரிஸ் என்பவர் ஆங்கில வார இதழ் ஒன்றில் இத்திட்டத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். நகரத்துப் பால் பண்ணைகள் நன்கொடைப் பவுடரை நம்பி நடக்கின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. பெரிய விவாதம் எழுந்தது. எல். கே. ஜா தலைமையில் அரசு ஒரு மதிப்பீட்டுக் குழுவையும் அமைத்தது.

என் கருத்தைக் கேட்டால், குற்றச்சாட்டில் ஒரு பகுதி நியாயமே. அம்மாயி வீட்டில் எனக்குத் தம்ளர் நிறையப் பால் கிடைத்தது, நான் விருந்தாளி என்பதால். அங்கேயே வளர்ந்த மாமா பிள்ளைகளுக்கு மோர்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் நோட்டும் செருப்பும் பால் காசில் வந்தவை. அதையும் நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கைராவில் நிலம் வளமானது, இரயில் பாதை இருந்தது, விவசாயிகளுக்கு முன்பே போராடிய அனுபவம் இருந்தது. தீவனமே இல்லாத வறண்ட ஊரில், ஒரு துண்டு நிலமும் இல்லாதவருக்கு எருமை வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆனந்தைப் போல் ஆகிவிடு என்றால் எப்படி ஆகும்?

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் டீக்கடைகளும் ஓட்டல்களும் மூடிக் கிடந்தபோது நகரத்துக்குத் தேவைப்பட்ட பால் திடீரென்று குறைந்தது. தனியார் பலர் கொள்முதலைக் குறைத்துக்கொண்டார்கள். கூட்டுறவுப் பண்ணைகளில் வழக்கத்தைவிட அதிகப் பால் வந்து சேர்ந்தது. அவர்கள் அதைத் திருப்பி அனுப்பாமல் பவுடராக்கினார்கள். 1955இல் குளிர்காலத்துக்காகக் கட்டிய வழி கொள்ளைநோய்க் காலத்துக்கும் உதவிற்று.

கடைசியாக, மாணவியருக்கென்றே ஒரு செய்தி. மாட்டுக்குத் தீனி வைப்பவர், சாணி அள்ளுபவர், கறப்பவர், சங்கத்துக்குச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்களே. உறுப்பினர் பட்டியலிலோ நெடுங்காலம் வீட்டு ஆண்களின் பெயரே இருந்தது. கூட்டத்துக்கு அவர்கள் போவார்கள், ஓட்டும் அவர்களே போடுவார்கள். இதைக் கண்டு 1980களிலிருந்து பல மாநிலங்களில் பெண்களே உறுப்பினரும் நிர்வாகிகளுமாக உள்ள மகளிர் பால் சங்கங்கள் தோன்றின. அன்றைய ஆந்திரத்தின் கரீம்நகர் மாவட்டத்து முல்கனூரில் 2000ஆம் ஆண்டில் பெண்கள் சேர்ந்து ஒரு பால் பண்ணையையே தொடங்கினார்கள். நம் மாநிலத்திலும் இத்தகைய சங்கங்கள் உண்டு.

அம்மாயி கட்டுத்தரையில் முப்பது ஆண்டுக்கு மேல் கறந்தார். சங்கத்துக்கு இரண்டு வேளையும் நடந்தவர் அவர்தான். பாஸ் புத்தகம் அப்புச்சியின் பெயரில் இருந்தது. அதில் அம்மாயியின் பெயர் ஏறியது அப்புச்சி காலமான பிறகு. அடுத்து நடந்த சங்கத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். அன்று மாலைப் பாலை ஊற்றிவிட்டு வந்து, விரலில் மை வைக்கவில்லையே, அப்படியானால் அது செல்லுமா என்று எங்களிடம் இரண்டு முறை கேட்டார்.